எழும்பூர் போலீஸ் அருங்காட்சியகம்: கடலூர்க்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னையில் இருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுவானேன் என்று தோன்றலாம். சென்ற ஆண்டு எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை அங்கே கூட்டிப்போய் வந்தேன். அடுத்த தெருக்காரர்கள் கேட்டார்கள், அவர்களோடும் போனேன். பிறகு என் தங்கையைக் கொடுத்திருக்கும் புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து ஆள் மாற்றி ஆள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். ரேஷன் கடை வரிசையிலும் அதே கேள்விகள், கல்யாணப் பந்தியிலும் அதே கேள்விகள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலையும் போட்டுவிட்டேன்.

போலீஸ் மியூசியம் என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது? யார் நடத்துகிறார்கள்?

சென்னை எழும்பூர், பாந்தியன் சாலையில் இருக்கிறது. சென்னை மாநகரக் காவல் ஆணையரின் பழைய அலுவலகம்தான் அது. 2013-ல் ஆணையர் அலுவலகம் வேப்பேரிக்குப் போனது. காலியான பழைய கட்டடத்தைச் செப்பனிட்டுத் தமிழ்நாடு காவல் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். 2021 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். காவல் துறையே நடத்துகிறது.

ஆட்டோவில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "கமிஷனர் ஆபீஸ்" என்று மட்டும் சொன்னால் நேராக வேப்பேரியில் இறக்கிவிடுவார்கள். எங்கள் தெருப் பால்காரர் குடும்பத்தோடு போய் அப்படித்தான் இறங்கினார். வாசலில் நின்ற காவலர் "என்ன புகார்?" என்று கேட்க, இவர் "மியூசியம் பார்க்க வந்தோம்" என்று சொல்ல, இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் புரியாமல் நின்றிருக்கிறார்கள். "பழைய கமிஷனர் ஆபீஸ், எழும்பூர்" என்று சொல்லுங்கள்.

கட்டடமே பழமையானது என்றீர்களே, எவ்வளவு பழமை? வெள்ளைக்காரன் கட்டியதா?

வெள்ளைக்காரன் பாணிதான், ஆனால் வீட்டுக்குச் சொந்தக்காரர் நம்மவர். அருணகிரி முதலியார் என்பவருடைய வீடு. 1842-ல் மாதம் 165 ரூபாய் வாடகைக்கு எடுத்தார்கள். 1856-ல் 21,000 ரூபாய்க்கு அரசு விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டுதான் சென்னைக்கு முதல் காவல் ஆணையராக போல்டர்சன் என்ற ராணுவ அதிகாரி பதவியேற்றார். அன்றிலிருந்து 2013 வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், அந்த ஒரே கட்டடத்திலிருந்துதான் சென்னை நகரத்துப் போலீஸ் நடந்தது.

அந்தக் காலத்தில் எழும்பூர்ப் பக்கம் முழுவதும் தோட்ட வீடுகள். நடுவில் வீடு, சுற்றிலும் மரம், உயரமான கூரை, காற்று புகுந்து வெளியேறும்படி பெரிய பெரிய ஜன்னல்கள். உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டிகளை நோக்கி ஓடாமல் ஒரு நிமிடம் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள், சுவரின் கனத்தைக் கையால் அளந்து பாருங்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது உள்ளே ஏன் அவ்வளவு குளுமை என்று புரியும். நான் போனதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிப் பொருள் அந்தக் கட்டடம்தான்.

கோர்ட்டு வாசலும் போலீஸ் வாசலும் மிதிக்காத குடும்பம் எங்களுடையது. உள்ளே போனால் யாராவது ஏதாவது கேட்பார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எழுபது வயது அம்மா ஒருவர். சிரிக்க வேண்டாம். இவரைப் போல் வாய்விட்டுக் கேட்காமல் அதே தயக்கத்தோடு வேனில் ஏறியவர்கள் நான்கைந்து பேராவது இருந்தார்கள். அங்கே யாரும் உங்களை விசாரிக்க மாட்டார்கள். எந்த அரசு வளாகத்திலும் இருப்பது போலக் காவல் இருக்கும், பையைத் திறந்து காட்டச் சொல்லலாம். அவ்வளவுதான். படம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறை கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

அந்த அம்மா உள்ளே போகும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டார். கோவிலா இது என்று பேத்தி கேட்டாள். "பழக்கம்" என்றார். ஆணையர் அமர்ந்திருந்த அறைக்கு வந்தபோது, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எத்தனையோ பேர் கைகட்டி நின்ற அறை அது.

கடலூரிலிருந்து எப்படிப் போவது வசதி?

ரயிலில் போனால் எழும்பூரிலேயே இறங்கி நடந்தே போய்விடலாம். கடலூர் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயில்கள் விடியலுக்கு முன்பே கொண்டுபோய் இறக்கிவிடும், அருங்காட்சியகம் திறக்கப் பத்து மணி ஆகும். அதனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது தோதுப்படாது. புதுச்சேரிக்காரர்கள் அங்கிருந்து அதிகாலையில் கிளம்பும் எழும்பூர் ரயிலைப் பிடித்தால் நேரம் சரியாக இருக்கும். கடலூர்க்காரர்களும் விழுப்புரம் போய் ஏறிக்கொள்ளலாம். எழும்பூர் நிலையத்தில் கட்டுமான வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, தாம்பரம் வந்து, கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் எழும்பூர். வேன் வைத்துக்கொண்டால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். ஆறு மணிக்கு என்று சொன்னால் ஏழாகிவிடும், எல்லா ஊரிலும் அப்படித்தான்.

எந்தக் கிழமை போகலாம்? அங்கேயே பக்கத்தில் பெரிய மியூசியமும் இருக்கிறதே, இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

போலீஸ் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். அதே பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆக, இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் திங்கள், வெள்ளி இரண்டையும் தவிர்த்துவிட வேண்டும். பண்டிகை நாள் குறுக்கிட்டால் கிளம்புவதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் முடியும், ஆனால் போலீஸ் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். அரசு அருங்காட்சியகம் கடல். அதில் முதலில் இறங்கினால் மாலை வரை கரையேற முடியாது.

உள்ளே என்னதான் இருக்கிறது? வெறும் துப்பாக்கியும் லத்தியுமா?

துப்பாக்கி, வாள் நிறைய இருக்கின்றன. அவை தவிர காவலர், அதிகாரி ஆகியோரின் பழைய சீருடைகள், தொப்பிகள், பதக்கங்கள், பேண்டு வாத்தியங்கள், கம்பியில்லாத் தந்திக் கருவிகள், குற்றவாளிகளிடமிருந்து பிடிபட்ட பொருள்கள், நூறு நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கடிதங்கள், ஆணைகள். முன்பு சொன்ன ஆணையர் அறையையும் பார்க்கலாம்.

எல்லோரும் துப்பாக்கி முன்னால் குவிகிறார்கள். எனக்கென்னவோ துப்பாக்கி ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றது எல்லாம் நீளம் குறைந்தது, நீளம் கூடியது என்று தோன்றும். காகிதங்களைப் பாருங்கள். மை பழுப்பேறி, ஓரம் தேய்ந்து, சாய்ந்த கையெழுத்தில் எழுதிய கடிதங்கள். படிக்கச் சிரமம்தான், ஆனால் பொறுமையாக ஒரு வரியைப் பிடித்துவிட்டால் அடுத்த வரி வந்துவிடும்.

எங்களோடு வந்த எதிர்வீட்டு ஏட்டையா, ஓய்வுபெற்று இருபது ஆண்டு ஆனவர், சீருடைப் பகுதியில் நின்றவர் நின்றவர்தான். அரைக்கால் டிராயர் காலம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கஞ்சி போட்டுத் தேய்த்த டிராயர் பலகை போல நிற்குமாம், உட்கார்ந்தால் மடிப்புக் கலையும் என்று அணிவகுப்பு நாளில் சாப்பிடக்கூட உட்கார மாட்டார்களாம். பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைப் பிராசோ வைத்துத் தேய்ப்பார்கள், பிராசோ தீர்ந்தால் வீட்டுப் புளிதான். அதைச் சொல்லும்போது அவருடைய கட்டைவிரல் காற்றில் வட்டம் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தான் தேய்ப்பது அவருக்கே தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஆகும்?

அவசரமாக நடந்தால் முக்கால் மணி நேரம். எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம். ஏட்டையா மாதிரி ஒருவர் கூட வந்தால் மூன்று.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? ஆயுதத்தை எல்லாம் பார்த்துப் பயப்படாதா?

பயப்படுவதில்லை, கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கவலைப்பட வேண்டியது வேறு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் தாராளமாகக் கூட்டிப் போகலாம். போவதற்கு முன் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு, "எத்தனை விதமான தொப்பி இருக்கிறது, எண்ணிக்கொண்டு வா" என்று சொன்னேன். வெளியே வந்து ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டை. மறுபடி உள்ளே ஓடினார்கள்.

முட்டி வலிக்காரி நான். மாடி ஏற வேண்டுமா?

மாடியும் உண்டு, கீழேயும் பார்க்க நிறைய இருக்கிறது. கீழ்த்தளத்தை நிதானமாக முடித்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். இரண்டு இடங்களையும் பார்க்கும் திட்டம் இருந்தால் உங்களைப் போன்றவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அரசு அருங்காட்சியக வளாகத்தில் நடை இன்னும் அதிகம்.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நம் ஊரில் போலீஸே கிடையாதா? திருடனை யார் பிடித்தது?

காக்கிச்சட்டை கிடையாது, காவல் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற சொல் வருகிறது. ஊரைக் காப்பதற்காக வசூலித்த வரி அது. பின்னாளில் ஊருக்கு ஊர் தலையாரியும் காவல்காரரும் இருந்தார்கள். விளைச்சலில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதற்குப் பதிலாக ஒரு கடுமையான நிபந்தனையும் உண்டு. ஊரில் திருட்டுப் போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இதை எங்கள் வேனில் சொன்னபோது ஏட்டையா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நல்லவேளை, நான் பின்னால் பிறந்தேன்" என்றார்.

சென்னைப் பட்டணத்தில் பெத்த நாயக்கர் என்ற பரம்பரைக் காவல் பொறுப்பாளர் தம் தலையாரிகளோடு காவல் பார்த்தார். பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் அப்படி வந்ததுதான். சந்தையை மேற்பார்த்த கொத்தவால் என்ற காவல் அதிகாரியின் பெயர் கொத்தவால் சாவடியில் ஒட்டிக்கொண்டது. காய்கறி வாங்கப் போன எத்தனை பேர் அது ஒரு போலீஸ்காரர் பெயர் என்று நினைத்திருப்பார்கள்?

அப்படியென்றால் இப்போதிருக்கும் போலீஸ் எப்போது, எதற்காக வந்தது?

சென்னை மாகாணத்துக்கு 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வில்லியம் ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். இந்த ஆண்டும் பெயரும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஏன் வந்தது என்பதுதான் நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம்.

அதற்கு முன்பு வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் தொடங்கி ஒரே கைகளில் இருந்தன. கிஸ்தி கட்டாத குடியானவனைப் பிடித்து அடித்தது யார் என்றால், அவனைக் காப்பாற்ற வேண்டிய அதே ஆள்தான். புகார் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை போய், சித்திரவதை பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1855-ல் அது அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையில் கிட்டி என்ற நம் சொல் அப்படியே இருக்கிறது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. கிட்டி போட்டார்கள் என்று பாட்டி ஒருத்தி சொல்லக் கேட்டிருக்கிறேன், அறிக்கையைப் பற்றிப் படித்த பிறகுதான் அது வெறும் வழக்குச்சொல் இல்லை என்று தெரிந்தது. வசூல் வேலையையும் காவல் வேலையையும் பிரித்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு அந்த அறிக்கை பெரிய காரணம்.

இன்னொரு விளைவும் உண்டு. போலீஸ்காரரிடம் ஒருவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது என்ற விதி 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்து, 1872 சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவாக நிலைத்தது. இப்போதைய புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. கண்ணாடிப் பெட்டியில் வாளையும் பதக்கத்தையும் பார்க்கும்போது இந்தக் கட்டைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சென்னைக் கடற்கரைச் சாலையில் வெள்ளையாகப் பெரிய கட்டடம் இருக்கிறதே, அதுதானே பழைய போலீஸ் ஆபீஸ்?

அது டி.ஜி.பி. அலுவலகம், மாநிலம் முழுமைக்கும் தலைமை. இன்றும் இயங்கும் அலுவலகம், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆணையர் சென்னை நகரத்துக்கு மட்டும். இரண்டும் வேறு.

மெரினாக் கட்டடத்துக்கும் சுவையான கதை இருக்கிறது. 1839-ல் ஃப்ரீமேசன் சங்கத்தார் கட்டியது. பிறகு ராபின்சன் காலத்தில் போலீஸ் வாடகைக்குப் பிடித்து, அப்புறம் விலைக்கே வாங்கியது. 1990-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பார்த்தார்கள். பழங்கட்டட ஆர்வலர்கள் வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். எழும்பூர்க் கட்டடத்தை இடிக்காமல் செப்பனிட்டதைப் பார்க்கும்போது எனக்கு அந்த வழக்குத்தான் நினைவுக்கு வந்தது.

பெண் போலீஸ் பற்றி ஏதாவது உண்டா? என் மகள் தேர்வு எழுதப்போகிறாள்.

கட்டாயம் கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டில் பெண்களைக் காவல் துறையில் சேர்த்தது 1973-ல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது. ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள், அவ்வளவுதான் முதல் அணி. முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில், ஜெயலலிதா ஆட்சியில் வந்தது. சென்னைக்கு முதல் இந்திய ஆணையர் பராங்குசம் நாயுடு பொறுப்பேற்றது 1919-ல். அதற்குப் பிறகு பெண்கள் உள்ளே வர இன்னும் ஐம்பத்து நான்கு ஆண்டு ஆனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புதுச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பி அங்கே இருக்குமா?

முதலியார்பேட்டை மைத்துனர் கேட்டது. அதைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், மைத்துனரே. எழும்பூர் சொல்வது சென்னை மாகாணத்தின், தமிழ்நாட்டின் கதை. புதுச்சேரியை ஆங்கிலேயர் நடுநடுவே பிடித்து வைத்திருந்ததைத் தவிர, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி. உங்கள் காவலர் தலையில் இருக்கும் சிவப்புக் கெப்பி அந்த வழியில் வந்தது. அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், கடற்கரைச் சாலையில் ஒரு நடை போனால் போதும். போலீஸ் என்ற சொல்லே பிரெஞ்சிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்று அவர் பதிலுக்குச் சொன்னார். சரிதான்.

ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு போலீஸ் என்பது வெறும் தொப்பி விஷயம் இல்லை. பாரதியார் 1908-ல் புதுச்சேரிக்குப் போனதும், வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் 1910-ல் அங்கே வந்து சேர்ந்ததும் அதனால்தான். ஆங்கிலேய ஒற்றர்கள் புதுச்சேரித் தெருக்களில் வேவு பார்க்க முடிந்தது, கைது செய்ய முடியவில்லை.

நம்மூர்ச் சமாச்சாரம் ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும்?

மேலே சொன்ன பாரதியார் கதையின் முடிவு நம்மூரில்தான். 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் அவரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். டிசம்பர் 14-ல் நிபந்தனைகளோடு விடுதலை செய்தார்கள். பத்து ஆண்டுகள் காத்திருந்த போலீஸுக்கு அவர் கிடைத்தது இங்கே. புதுச்சேரியிலிருந்து வரும்போது ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவும்போது எனக்கு இந்த எல்லைதான் ஞாபகம் வரும்.

அடுத்தது அஞ்சலையம்மாள், கடலூர் முதுநகர்க்காரர். 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் என்ற படைத்தலைவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றச் சொல்லி 1927-ல் நடந்த போராட்டத்தில் அஞ்சலையம்மாள் தம் சின்னஞ்சிறு மகள் அம்மாக்கண்ணுவோடு போய்ச் சிலையைத் தாக்கிச் சிறை சென்றார். அந்தச் சிறுமிக்குக் காந்தியடிகள் லீலாவதி என்று பெயர் வைத்தார். சிலை 1937-ல் ராஜாஜி அமைச்சரவை காலத்தில் சாலையிலிருந்து எடுக்கப்பட்டு, பின்னர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரே சாலையில் ஒரு கட்டடம் கைது செய்தவர்களின் ஆணையர் அலுவலகம், இன்னொன்றில் கைதானவர் உடைக்கப் போன சிலை. நீல் சிலை எங்கே என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் முதுநகரிலிருந்து வந்த இருவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தியாகிகளை அடித்தவர்களின் மியூசியத்தைப் பெருமையாகப் போய்ப் பார்ப்பதா?

கட்சிக்காரர் ஒருவர் கோபமாகவே கேட்டார். பெருமைக்காகப் போகச் சொல்லவில்லை. அங்கே இருப்பது காவல் துறை தன்னைப் பற்றித் தானே சொல்லும் கதை. எந்தத் துறையும் தன் அலமாரியில் வாளை வைக்கும், கிட்டியை வைக்காது. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள். மறுபாதிக் கதை எங்கே இருக்கிறது என்பதை இதற்கு முந்தைய பதிலிலும், 1855 பற்றிய பதிலிலும் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று. ஏட்டையா அதைக் கேட்டுவிட்டு, "தொப்பியை வைத்தவனும் நம்மூர்க்காரன்தான், அடிவாங்கியவனும் நம்மூர்க்காரன்தான்" என்றார். தம் தகப்பனாரும் காவலர், வெள்ளையனே வெளியேறு போராட்டம் நடந்த 1942-ல் பணியில் இருந்தவர் என்று அப்போதுதான் சொன்னார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

என் தாத்தா அந்தக் காலத்துப் போலீஸ். அங்கே போனால் அவர் பெயரைத் தேட முடியுமா?

அருங்காட்சியகத்தில் தனி ஆட்களின் பணிப் பதிவேட்டைத் தேட முடியாது. அதற்குப் போக வேண்டிய இடமும் எழும்பூரிலேயே இருக்கிறது, ரயில் நிலையம் எதிரே காந்தி இர்வின் சாலையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சிவப்புக் கட்டடம். அரசாணைகள், மாவட்டப் பதிவுகள் எல்லாம் அங்கே. நம் பகுதிக்குத் தென்னார்க்காடு மாவட்டம் என்று கேட்க வேண்டும், கடலூர் என்று கேட்டால் பழைய பதிவுகள் அகப்படாது. ஆய்வுக்கென்று விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும் என்பதால் சுற்றுலாப் போகும் அன்றே தேடலாம் என்று நினைக்காதீர்கள்.

தாத்தாவின் பெல்ட்டோ பதக்கமோ வீட்டில் இருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பழமையே போய்விடும். புளி வைத்தியம் ஏட்டையாவின் அணிவகுப்புக் காலத்தோடு இருக்கட்டும்.

கோயம்புத்தூரிலும் ஒன்று இருக்கிறதாமே? எது நல்லது?

இருக்கிறது. அங்கே 1918-ல் ஹாமில்டன் என்ற போலீஸ் கண்காணிப்பாளர் காவலர்களுக்காகக் கட்டிய மன்றம், ஹாமில்டன் கிளப். அதைப் பழுதுபார்த்து 2018-ல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். எழும்பூருக்கும் முன்னோடி அதுதான். கோவையில் சொந்தக்காரர் கல்யாணம் இருந்தால் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். கடலூரிலிருந்து அதற்கென்றே போக வேண்டுமா என்றால், எழும்பூரே போதும்.

போனமுறை சென்னையில் என் செல்போன் திருட்டுப் போனது. மியூசியத்தில் போலீஸ்காரர்கள்தானே இருப்பார்கள், அங்கேயே புகார் கொடுத்துவிடலாமா?

உண்மையாகவே கேட்டார். முடியாது. அது அருங்காட்சியகம், காவல் நிலையம் இல்லை. எந்த எல்லையில் திருடு போயிருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிவுசெய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இது எழுதியிருக்கிறது. ஆகவே கடலூரிலேயே கொடுக்கலாம். போனின் ஐ.எம்.இ.ஐ. எண், வாங்கிய ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.